வீட்டுக் கல்வியும் சட்டமும்

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் முறை நம் நாட்டின் பெருநகரங்களில் பரவி வருகிறது. பெங்களூரில் இம்முறையைக் கைக்கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இவ்வழியில் இறங்க எண்ணும் பெற்றோருக்கு இரு ஐயங்கள் எழுவது இயல்பு. சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்பது ஒன்று. கற்பிக்கும் தாய் தந்தையர் ஆசிரியருக்குரிய தகுதி பெற்றிருத்தல் வேண்டுமா என்பது மற்றொன்று. இவற்றை முறையே ஆராய்வோம்.

கட்டாயக் கல்வி என்னும் கருத்து நம் நாட்டில் எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் நினைவிற் கொள்ளுதல் நலம். 1911ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் இம்பீரியல் சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை, எனினும் மைசூர் சமஸ்தானம் 1913ஆம் ஆண்டிலேயே ஆரம்பக் கல்விக்கெனச் சட்டம் இயற்றியது. வயலிலும் பட்டறையிலும் உழைக்க அனுப்பப்பட்ட குழந்தைகளை ஏட்டின் பக்கம் மீட்பதே அக்காலத்துச் சான்றோரின் நோக்கம். வீட்டிலேயே நன்கு கற்பிக்க வல்ல பெற்றோரைத் தடுப்பது அவர்கள் கருத்தன்று. சட்டத்தின் இன்றைய நிலையை உணர இவ்வுண்மை துணை செய்யும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் ஷரத்து, பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்று கூறியது. அது வழிகாட்டும் நெறியாக இருந்ததேயன்றி, வழக்காடிப் பெறும் உரிமையாக இருக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தமே ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அக்குழந்தைகளுக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்பதையும் அத்திருத்தமே சேர்த்தது. இவ்வுரிமையைச் செயற்படுத்தப் பாராளுமன்றம் இயற்றிய 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது.

இச்சட்டத்தின் பத்தாவது பிரிவே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாவது. தம் குழந்தையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்று அது விதிக்கிறது. அரசியலமைப்பு ‘கல்வி பெறும் வாய்ப்பு’ என்று பொதுவாகக் கூற, இச்சட்டமோ ‘பள்ளி’ என்று குறித்தே சொல்லுகிறது. ஆயினும் அக்கடமையைச் செய்யத் தவறிய பெற்றோருக்கு அபராதமோ சிறையோ இச்சட்டத்தில் விதிக்கப்படவில்லை. வறுமையால் குழந்தையை அனுப்ப இயலாதவரைத் தண்டிப்பதினும், குழந்தையைத் தேடிச் சென்று சேர்ப்பதை அரசின் பொறுப்பாக்குவதே இச்சட்டத்தின் போக்கு.

பிற சட்டங்களையும் ஒப்பு நோக்குவோம். 1960ஆம் ஆண்டின் டெல்லி ஆரம்பக் கல்விச் சட்டம், குழந்தை வேறு முறையில் திருப்திகரமாகக் கற்று வருவதாக அதிகாரி ஏற்பின், பள்ளிக்கு வராமைக்கு அது தக்க காரணமாகும் என்று கூறியது. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளிக்குச் சென்றோ வேறு வகையிலோ குழந்தை தகுந்த கல்வி பெறுமாறு பெற்றோர் செய்தல் வேண்டும் என்றே வகுத்தது. ஜெர்மனியிலோ பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். வீட்டுக் கல்விக்கு அங்குப் பொதுவாக இடமில்லை. நமது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுக் கல்விக்குப் பொதுவான வாயில் எதுவும் திறக்கப்படவில்லை. அதனைப் பெயர் குறித்துத் தடுக்கவும் இல்லை. 2012ஆம் ஆண்டின் திருத்தம் கடுமையான ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தே கற்கும் விருப்பத்தை வெளிப்படையாக அளித்தது. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றத்து வழக்கொன்றில், வீட்டுக் கல்விக்கு இச்சட்டம் தடையன்று என்ற கருத்துடைய பிரமாணப் பத்திரத்தை மத்திய அரசாங்கம் தாக்கல் செய்து, பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, வீட்டில் கற்பிப்போர் சட்டத்தின் பொறுதியில் நடக்கிறார்களேயன்றிச் சட்டத்தின் அங்கீகாரத்தில் நடக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இனி, ஆசிரியத் தகுதியைக் காண்போம். பள்ளி ஆசிரியரின் தகுதியைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ்த் தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் வரையறுக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ஆரம்பக் கல்விப் பட்டயமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குப் பட்டத்துடன் ஆசிரியப் பயிற்சியும் பொதுவாக வேண்டப்படுகின்றன. இருசாராருக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. ஆனால் இவ்விதிகள் பள்ளியில் நியமனம் பெறுவோரையே கட்டுப்படுத்தும். தம் மகனுக்கோ மகளுக்கோ வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு எவ்விதப் பட்டத்தையும் பயிற்சியையும் சட்டம் விதிக்கவில்லை. இங்கிலாந்திலும் அவ்வாறே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அண்டை வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, கட்டணம் பெற்று, நாள்தோறும் வகுப்பு நடத்தத் தொடங்கினால், அது வீட்டுக் கல்வி என்னும் எல்லையைக் கடந்து பள்ளி நடத்துவதாகக் கருதப்படக் கூடும். அங்கீகாரச் சான்றிதழின்றிப் பள்ளி நடத்துவோருக்கு 18ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரையும், குற்றம் தொடருமாயின் நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரப் பதிவேட்டைப் பேணுவது உள்ளூர் நிர்வாகத்தின் கடமை. பள்ளிக்கு வராத குழந்தைகளின் நிலையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எனவே கணக்கெடுக்க வரும் அலுவலர் வினவினால் மறைக்காமல் விளக்கம் அளிப்பதே முறை. பிறப்புச் சான்றிதழ், கற்பித்த பாடங்களின் நாட்குறிப்பு, குழந்தை எழுதிய ஏடுகள், செய்து பார்த்த சோதனைகளின் குறிப்பு ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கோத்து வைத்தல் வேண்டும். இதைச் சட்டம் கேட்கவில்லை. ஆயினும் குழந்தை கற்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேறில்லை.

இடையில் பள்ளிக்குத் திரும்ப நேரின் அஞ்ச வேண்டுவதில்லை. பள்ளியிற் சேராதிருந்த குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், பிறருக்கு ஈடாகத் தனிப்பயிற்சி அளிக்கவும் நான்காம் பிரிவு இடம் தருகிறது. பள்ளிக்குத் திரும்பாதோருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. 1989ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிறுவனத்திற்குப் பெங்களூரிலும் வட்டார மையம் இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தவர், மேற்கொண்டு கற்கப் போதிய அறிவு பெற்றிருப்பதாகத் தாமே உறுதி கூறி, பத்தாம் வகுப்புக்கு இணையான பாடத்திட்டத்தில் சேரலாம். மொழி ஒன்றேனும் உட்பட ஐந்து பாடங்களை ஐந்தாண்டுக்குள் சிறிது சிறிதாக எழுதித் தேறலாம். மாநில வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. எவ்வழி ஆயினும், அதன் விதிகளைப் பன்னிரண்டு வயதிலேயே விசாரித்து அறிதல் நலம். கடைசி ஆண்டில் அலைவதனால் நேரும் இழப்பு குழந்தையையே சாரும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயமாகக் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் தமிழை ஆழமாகக் கற்பிக்கும் வாய்ப்பைப் பெற்ற தமிழ்ப் பெற்றோர், கன்னடத்தைக் கைவிட்டுவிடலாகாது. கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் நாளை அண்டை அயலாருடன் வாழப்போகும் குழந்தைக்கு அது வாழ்வுக்குரிய மொழி. பின்னர்ப் பள்ளியிற் சேர நேர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

சட்டம் பெற்றோரிடம் பட்டம் கேட்கவில்லை என்பதனால் பொறுப்பு குறைந்துவிடவில்லை, கூடியே இருக்கிறது. பள்ளியில் ஓர் ஆசிரியர் குறை செய்தால் தலைமையாசிரியரும் ஆய்வாளரும் கேட்பர். வீட்டில் கேட்பார் எவருமில்லை. கல்வி என்பது குழந்தையின் உரிமை, பெற்றோருடையது கடமை. என் குழந்தை இவ்வாண்டு எதைப் புதிதாகக் கற்றது, ஒத்த வயதினருடன் பழகுகிறதா, தேர்வுக்குரிய வழி திறந்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் தம்மைத் தாமே கேட்டு, நேர்மையாக விடை கூற வல்ல பெற்றோர் இப்பணியை மேற்கொள்ளலாம். விடை கூறத் தயங்குவோர், அருகிலுள்ள பள்ளியின் கதவு எந்நாளும் தம் குழந்தைக்குத் திறந்தே இருக்கிறது என்பதை அறிவாராக.