ஒன்று பழுதானால் மற்றது விழிக்குமா?

மலையகத்துக் குடும்பங்களில், தகரப் பெட்டியின் அடியில் துணியிற் சுற்றி வைத்த பழைய பத்திரங்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காரணம் இல்லாமலில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடைவிடாது வாழ்ந்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. தேயிலைச் செடிகளுக்கிடையே பிறந்து வளர்ந்தவர் பலர், காட்டுதற்குக் கடதாசியின்றித் தவித்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாக உள்ள பொருள் பாதி இழந்த பொருளே என்பதை நம்மவர் இவ்வாறு கற்றனர்.

இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சங்கக் கணக்குகளும் பாடசாலைப் பதிவுகளும் கணினிக்குள் குடிபுகுந்து வருகின்றன. அவற்றைத் தாங்கும் வன்தட்டு, நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் காந்தத் தட்டாகும். மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் அதன்மேல் வாசிக்குந் தலை மிதந்து செல்கிறது. இத்தகைய பொறி என்றேனும் ஒருநாள் நின்றே தீரும்.

இதற்கு அறிஞர் கண்ட உபாயமே ஆடித்தட்டு முறை. இரண்டு வன்தட்டுகளைப் பூட்டி, எழுதுவது எதையும் இரண்டிலும் ஒருங்கே எழுதுவித்தல் அதன் தத்துவம். இம்முறை முன்னரே வழக்கிலிருந்தது. 1988இல் பெர்க்லி சர்வகலாசாலையின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் வகுத்த ‘ரெய்ட்’ வரிசையில் இதுவே முதற்படியாயிற்று.

ஆயினும் இங்கே ஒரு பள்ளம் மறைந்திருக்கிறது. கணினி கண்விழிக்கும்போது முதலில் தேடுவது நம் கணக்குகளையன்று. தட்டில் உள்ள சிறியதொரு துவக்கக் கட்டளைத் தொகுதியையே. மென்பொருளால் அமைக்கும் ஆடியில், அத்தொகுதி பெரும்பாலும் ஆடியின் எல்லைக்குப் புறத்தே, ஒரு தட்டில் மட்டும் அமைந்துவிடுகிறது. அத்தட்டே முதலில் மாண்டுபோனால், மற்றதில் கணக்கனைத்தும் பத்திரமாக இருக்க, கணினியோ எழாது. நெல் நிறைந்த களஞ்சியத்தின் திறவுகோல் எரிந்த வீட்டில் அகப்பட்ட கதைதான்!

பரிகாரம் எளிது. லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘கிரப்’ எனும் துவக்கியை இரு தட்டிலும் பதித்தல் வேண்டும். புதிய கணினிகளில் துவக்கத்துக்கெனத் தனிச் சிறு பகுதி உண்டு. அதனை இரண்டாவது தட்டிலும் அமைத்து, கணினியின் துவக்க வரிசையில் இரண்டையும் சேர்த்தல் வேண்டும்.

பின்பு சோதனை. தரவு முழுவதற்கும் வெளியே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணினியை நிறுத்தி, முதற்தட்டின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். எழுந்ததாயின், மறுபடியும் நிறுத்தித் தட்டைப் பூட்டி, ஆடியிற் சேர்த்து, பிரதி முற்றுப்பெறும்வரை பொறுத்திருங்கள். அதன் பின்னரே மற்றத் தட்டைச் சோதித்தல் வேண்டும். அவசரப்பட்டால் உள்ளதும் போய்விடும். ஒரு தட்டு நின்றால் உடனே அறிவிக்கும் ஏற்பாடும் அவசியம். இல்லையேல், ஒற்றைத் தட்டில் ஓடுவதை எவரும் அறியமாட்டார்.

ஆடி முகத்தைக் காட்டுவதுபோல் முகத்தின் கறையையும் காட்டும். தவறுதலாக அழித்த பதிவு இரு தட்டிலும் ஒருசேர அழியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைமுகடுகளில் இறங்கும் இடி, இரண்டையும் ஒரே கணத்தில் கருக்கிவிடலாம். ஆகவே மூன்றாவது பிரதியொன்று வேறோர் ஊரில், வேறொரு கூரையின் கீழ் இருத்தல் வேண்டும்.

தகரப் பெட்டியைக் காத்த பாட்டிமாருக்குக் கணினி தெரியாது. ஆயினும் கடதாசியின் அருமை தெரிந்திருந்தது. பெட்டிதான் மாறியிருக்கிறது. காக்கும் பொறுப்பு மாறவில்லை.