இந்த மாதம் பிடித்த ஓட்டைகள்

“ராக்கெட், தொலைநோக்கி என்றே எழுதுகிறீர்களே, போன மாதத்தில் உங்கள் வீட்டுக்குள் பிடித்துப்போன சின்னச் சாமான் ஒன்றுகூடவா இல்லை?” என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டியல் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்ததெல்லாம் அந்தச் சாமான்களில் இருக்கும் ஓட்டைகள்!

முதலில் மண்பானை. பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். மதுரையில் குளிரும் அளவுக்கு அது சென்னையில் குளிராது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் கசியும் நீர் ஆவியாகச் சுணங்குகிறது. இதுவும் தெரிந்ததுதான். ஆனால், பளபளவென்று பெயின்ட் பூசி, பூப்போட்ட பானைகளை ஏன் வாங்குகிறோம்? நுண்துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் வெளியே கசியாது. கசியாத பானைக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் என்ன வித்தியாசம்? பூசாத பானையே வாங்குங்கள். உப்புத் தண்ணீர் ஊரென்றால், வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் தேங்காய் நாரால் அவ்வப்போது தேய்த்துவிடுங்கள்.

இரண்டாவது, பேனா மூடியின் உச்சியில் இருக்கும் ஓட்டை. குழந்தையின் மூச்சுக்குழலில் மூடி சிக்கிக்கொண்டாலும் கொஞ்சம் காற்றாவது போய்வரட்டும் என்று வைத்தது. பிக் நிறுவனம் 1991-இல் தன் மூடிகளில் இந்த ஓட்டையைக் கொண்டுவந்தது. பேனா மூடிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11540 என்ற பாதுகாப்புத் தரவிதியும் இருக்கிறது.

மூன்றாவதுதான் என் செல்லம்: பிரஷர் குக்கர் மூடியில் வெயிட் உட்காரும் குழாயின் துளை.

பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பான் 1679-இல் லண்டனில் குக்கரின் மூதாதையைச் செய்து காட்டினார். எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் பாத்திரம் அது. 1682-இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு, ஒரு துளையும் அதை அழுத்தும் எடையும்தான். நம் வெயிட் அந்தப் பரம்பரை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். குக்கருக்குள் காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் இருந்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். மூடி 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், நீராவி அதை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோவைத் தாண்டும். நாலைந்து ஆட்களின் எடை! ஆனால் துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அங்கே 100 கிராம் வெயிட் போதும். அழுத்தம் மிஞ்சினால் வெயிட் எழும்பும், நீராவி சீறும், விசில் கேட்கும்.

எவ்வளவு எடை என்பதைத் துளையின் அளவுதான் முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரு குக்கரின் வெயிட்டை இன்னொன்றில் மாட்டக் கூடாது. விசில் வந்த பிறகு அடுப்பைப் பெரிதாக எரித்தாலும் பருப்பு சீக்கிரம் வேகாது. சூடு அதற்குமேல் ஏறாது. நீராவியும் கேஸும்தான் வீணாகும். முதல் விசிலோடு தீயைத் தணித்துவிடுவது நல்லது.

பருப்பு நுரையோ தக்காளித் தோலோ துளையை அடைத்துக்கொண்டால், கடைசிக் காவல் சேஃப்டி வால்வு. அதிலுள்ள உலோகக் கலவை குறைந்த சூட்டிலேயே உருகி வழிவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று எங்கள் பழைய தெருவில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பார்கள். சேஃப்டி வால்வு போன இடத்தில் பற்றுவைத்து அடைப்பதும் அதே கெட்டிக்காரத்தனம்தான். புது வால்வின் விலை சொற்பம். அதையும் அந்தக் குக்கருக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். பருப்பு வேகவைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடுமுன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, குழாய் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். மறுபக்கம் தெரிந்தால் அடுப்பில் ஏற்றலாம்.

கடைசியாக ஒன்று, வீட்டுக்கு வெளியே. நீலகிரிச் சாலையோரத் தடுப்புச் சுவர்களில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அழுத்தம் கட்டி முட்டாமல் வெளியேற அவைதான் வழி. அவற்றில் மண்ணும் களையும் மண்டிக் கிடக்கும். சில இடங்களில் சிமென்ட்டே பூசி அழகு பார்க்கிறோம். பிறகு சுவர் சரிந்தால் பழியை மழைமேல் போடுவோம். மழை எப்போதும்போலத்தான் பெய்தது; வழியை அடைத்தவர்கள் நாம்தான்.