வலை என்றதும் என்ன வினை வருகிறது?

முதலில் ஒரு சின்ன சோதனை. மழை, வெயில், பசி, சந்தேகம், விசில். ஒவ்வொரு சொல்லையும் படித்ததும் அடுத்து என்ன வினைச்சொல் மனசில் வருதுன்னு பாருங்க.

மழை பெய்யும். வெயில் அடிக்கும். பசி எடுக்கும். சந்தேகம் வரும். விசில் அடிப்போம். அநேகமா உங்களுக்கும் இதேதான் வந்திருக்கும். இதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. 'வெயில் பெய்கிறது' என்று ஒருவர் எழுதினால் அதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. எழுவாய் இருக்கு, பயனிலை இருக்கு, இரண்டும் ஒத்துப்போகுது. ஆனாலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பக்கத்து மொழியான தெலுங்கில் மழை 'படும்', அதாவது விழும். ஆங்கிலத்தில் மழையே ஒரு வினைச்சொல், கூட இன்னொன்று தேவையில்லை. எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த வினை வரும் என்பதைப் பொருளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பழக்கத்தில்தான் வரும்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். போன் கீபோர்டு அடுத்த சொல்லை எப்படி ஊகிக்கிறது என்று தோண்டப் போய்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

சொல்லின் பொருளை அது யாரோடு சேர்கிறது என்பதை வைத்து அறியலாம் என்று 1950களிலேயே சொன்னவர் ஜே.ஆர். ஃபர்த் என்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர். அவர் வழியில் வந்த ஹாலிடே 1966இல் காட்டிய உதாரணம் ரொம்பப் பிரபலம். டீக்கு 'ஸ்ட்ராங்' பொருந்தும், 'பவர்ஃபுல்' பொருந்தாது. காருக்கு 'பவர்ஃபுல்' பொருந்தும். இரண்டு சொல்லுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான், ஆனால் இடம் மாற்றிப் போட்டால் காது ஒத்துக்கொள்ளாது.

இதை எண்ணிப் பார்க்கக் கணினி வேண்டியிருந்தது. 1964இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 10 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டது. 1980இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் தொடங்கிய கோபில்ட் திட்டம், உண்மையான புழக்கத்தை மட்டுமே வைத்து 1987இல் ஓர் அகராதியைக் கொண்டுவந்தது. தமிழிலும் 1992இல் வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இந்த வழியில் போனதுதான். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல், அது புழங்கும் வாக்கியத்தையும் கூடவே தந்தது.

எண்ணும் முறை எளிமையானது. ஒரு பெயர்ச்சொல்லைத் தேடு, அதற்கு முன்னும் பின்னும் நாலு நாலு சொல் எடு, என்னென்ன வினை வருதுன்னு கணக்குப் போடு. வெறும் எண்ணிக்கை போதாது. இரண்டு சொல்லும் தற்செயலாகச் சேரக்கூடிய அளவைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்கின்றன என்று பார்க்கணும். கென்னத் சர்ச், பேட்ரிக் ஹேங்க்ஸ் இருவரும் 1990இல் இதற்கு ஒரு சூத்திரத்தையே பிரபலமாக்கினார்கள்.

தமிழுக்கு இதைச் செய்யும்போது மூன்று சிக்கல் வரும்.

ஒன்று, வரிசை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். நமக்குத் தலைகீழ். 'வலையை' என்று சொன்ன பிறகு நேற்று, ராத்திரி, மழையிலே என்று எவ்வளவு வேண்டுமானாலும் நுழைக்கலாம். வினை கடைசியில் வந்தால் போதும். அதனால் நாலு சொல் ஜன்னல் நமக்குச் சில நேரம் பத்தாது.

இரண்டு, உருமாற்றம். விட்டான், விடுவோம், விடுற, விட்டுட்டு எல்லாம் ஒரே வினை என்று ப்ரோகிராமுக்குச் சொல்லணும். வடதமிழ்நாட்டுப் பேச்சில் இதுவே 'உடு', 'உட்டோம்' என்றும் வரும்.

மூன்றாவதுதான் பெரிசு. விடு, போடு, போ, கொள் எல்லாம் துணைவினையாகவும் வரும். 'வந்துவிட்டான்' என்பதில் யாரும் எதையும் விடவில்லை. இதைப் பிரிக்காமல் எண்ணினால் எந்தப் பெயர்ச்சொல்லைத் தேடினாலும் 'விடு'தான் முதலிடத்தில் வந்து நிற்கும்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு, இணையத்தில் கிடைக்கும் செய்தித் தமிழில் 'வலை'யைத் தேடிப் பாருங்க. வலைத்தளம், வலைப்பதிவு என்று கூட்டுச்சொற்கள் வந்து குவியும். அவற்றை ஒதுக்கினால் அடுத்து நிற்பது 'வீசு'. யார் வீசுகிறார்கள் என்று பார்த்தால் போலீஸ்! தப்பி ஓடியவரைப் போலீசார் வலைவீசித் தேடி வருகிறார்கள். மீனைக் கண்ணில் காணவே அடுத்த பக்கம் போகணும்.

இப்போ தோணிரேவுக்கு வருவோம். ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவ ஊர்களில் ஒன்று. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயரே அந்த எல்லையைக் காட்டும். தோணி தமிழ். ரேவு என்றால் தெலுங்கில் படகுத்துறை.

இந்தக் கரையில் 'வலை' என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வினை வரும்? அது எந்த வலை என்பதைப் பொறுத்தது. ஒருத்தர் தனியாக இடுப்பளவுத் தண்ணியில் நின்று வட்டமாக எறிவது வீச்சுவலை, அதைத்தான் 'வீசுவார்கள்'. மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் நீளமான வலையை 'விடுவார்கள்'. கழி நட்டு ஓரிடத்தில் நிறுத்துவதைக் 'கட்டுவார்கள்'. பெரிய வலையை வளைத்து, பல பேர் சேர்ந்து கரைக்குக் கொண்டு வந்தால் அது 'இழுப்பது'. வலையே இல்லாமல் சேற்றில் கையால் துழாவி இறால் எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வினை 'தடவுவது'.

நாலு வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலையை யார் செய்கிறார் என்பது தெரியும். வீசுவதில் வேலை கைக்கு. விடுவதில் வேலை வலைக்கு. பட்டம் விடு, காகிதக் கப்பல் விடு மாதிரி கையை விட்டுப் போனதும் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். கட்டுவதில் வேலை இடத்துக்கு, நீரோட்டம் மீனைக் கொண்டு வரணும். இழுப்பதில் வேலை கூட்டத்துக்கு.

கடற்கரை வழக்கில் விட்ட வலையைத் திரும்ப 'வாங்குவார்கள்'. காசு கொடுத்து அல்ல. வாங்கு என்பதற்கு இழு என்று ஒரு பழைய பொருள் உண்டு. உள்நாட்டில் அது பேச்சிலிருந்து போய்விட்டது, கரையில் தங்கிவிட்டது. அதே மாதிரி மீன் 'கிடைக்கும்' என்பது நாம சொல்வது. கரையில் மீன் 'படும்'. அந்தப் படு என்ற வினையிலிருந்து வந்த பெயர்தான் 'பாடு'. 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்றால் மீன் பட்டதா என்று கேட்கிறார்கள்.

பழவேற்காட்டில் இந்தப் பாடு என்கிற சொல்லுக்கு இன்னொரு கனமான வேலையும் இருக்கிறது. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கு அங்கே 'பாடு' என்றுதான் பெயர். இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு எனக்கு. இது முக்கியமாக ஓரிடத்தில் கட்டும் வலைகளுக்கான ஏற்பாடு. யோசித்தால் காரணம் புரியும். வீசுகிறவர் அடுத்த நிமிஷம் நகர்ந்துவிடுவார். கட்டுகிறவருக்கு ராத்திரி முழுக்க அந்த இடம் வேண்டும். ஆகவே வீசு, கட்டு என்ற வித்தியாசம் வெறும் சொல் விஷயம் இல்லை, உரிமை விஷயம். எந்த ஊருக்குப் பாடு உண்டு, எந்த ஊருக்கு இல்லை என்பது அங்கே பல காலமாக ஓடும் பிரச்சினை.

இப்போ இதைச் செய்தித் தமிழில் எழுதினால் என்ன ஆகும்? 'ஏரியில் வலை வீசி மீன்பிடித்தவர்களிடையே தகராறு.' வாக்கியம் சுத்தமாக இருக்கு. ஆனால் யார் கட்டினார், யார் விட்டார் என்ற தகவல் போய்விட்டது. தகராறே அதைப் பற்றியது என்றால், செய்தியில் மிச்சம் இருப்பது தகராறு மட்டும்தான்.

செய்தியைப் படித்துத்தான் இயந்திரமும் கற்கிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளோ, பேச்சை எழுத்தாக்கும் செயலியோ, மனுவைச் சுருக்கித் தரும் கருவியோ, தான் அதிகம் பார்த்த சேர்க்கையின் பக்கமே சாயும். அதுதான் அதன் கணக்கு. 'வலை வாங்கினோம்' என்று ஒரு மீனவர் சொன்னால் அது கடைக்குப் போய்விடும். 'வலை கட்டினோம்' என்பதைச் சரியாகக் கேட்டாலும், தவறு என்று நினைத்து 'வீசினோம்' ஆக்க வாய்ப்பு இருக்கு. ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். அங்கத்திய மீனவர்கள் வலையை 'ஷூட்' செய்வார்கள், அதாவது கடலில் இறக்குவார்கள். துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர்களுடைய மீன்பிடி வழக்கு நிறைய அச்சில் இருக்கு. நம்முடையது பெரும்பாலும் வாயில்தான் இருக்கு.

நம் ஊர்த் தொழில்சொற்களைச் சேகரிக்கும் நண்பர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் பட்டியல்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களாக இருக்கின்றன. வலை வகை, மீன் வகை, படகின் உறுப்புகள். கூடவே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க: 'இதை என்ன பண்ணுவீங்க?' பதிலில் வரும் வினையை அப்படியே, முழு வாக்கியமாக, 'உட்டோம்' என்றால் 'உட்டோம்' என்றே எழுதிக்கொள்ளுங்க. மீன்பிடிக்கு மட்டுமில்லை. நெசவு, உப்பளம், சூளை, மெக்கானிக் ஷெட் எதுவானாலும் சரி. பெயர் மட்டும் இருந்தால் பொருள் என்னவென்று தெரியும். பின்னால் வரும் வினையும் இருந்தால்தான் வேலை என்னவென்று தெரியும்.