சி டிரைவ் எங்கே தொடங்குகிறது? பாவனைக் கம்ப்யூட்டரும் ஆவண ஒழுங்கும்

ஒழுங்கு என்பது அப்பாவிச் சொல் அல்ல. அடுக்குவது, பெயரிடுவது, வகை பிரிப்பது எல்லாவற்றிலும் அதிகாரம் தொழிற்படுகிறது என்று நாம் பேசாத கூட்டமில்லை. ஃபூக்கோ 1966இல் வெளிவந்த ‘சொற்களும் பொருட்களும்’ நூலைத் தொடங்குவதே, போர்ஹேஸ் சொல்லும் ஒரு சீனக் கலைக்களஞ்சியத்தின் விலங்குப் பட்டியலைப் படித்துச் சிரித்ததாகச் சொல்லித்தான். சரி, இதையெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘இதர’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘பழசு’, அதற்குள் மறுபடியும் ‘இதர’. அந்தச் சீனாக்காரன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான்.

இது வெறும் வீட்டு வேலைப் பிரச்சினை இல்லை. 1980களின் இறுதியிலும் 1990களிலும் அடிக்கப்பட்ட துண்டறிக்கைகள், சிறுபத்திரிகைப் பிரதிகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் எனப் பலவும் இன்று ஃபிளாப்பிகளில் கிடக்கின்றன. நண்பர்களிடமிருந்து அவற்றை வாங்கிப் பிரதி எடுத்து வருகிறேன். பல கோப்புகளை அன்றைய டாஸ் நிரல்களில் மட்டுமே ஒழுங்காகத் திறக்க முடியும். அந்த இயந்திரங்கள் செத்துவிட்டன. ஆகவே எமுலேட்டர் தேவைப்படுகிறது. அதாவது இன்றைய கம்ப்யூட்டருக்குள் அன்றைய கம்ப்யூட்டரைப் பாவனை செய்யும் மென்பொருள். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் இதில் பரவலாக அறியப்பட்டது. விளையாட்டுகளுக்காகச் செய்தது, நாம் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

டாஸ்பாக்ஸைத் திறந்ததும் இருப்பது இஸட் என்ற டிரைவ் மட்டும். அது எந்த வட்டிலும் இல்லை, மென்பொருளே உண்டாக்கியது. சி டிரைவ் வேண்டுமென்றால் ‘மவுண்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்து, நம் கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரைக் காட்டி, ‘இதுதான் உனக்கு சி’ என்று சொல்ல வேண்டும். கவனியுங்கள்: உள்ளே ஓடும் நிரலுக்கு அந்த ஃபோல்டரே உலகத்தின் வேர். அதற்கு மேலே போக வழியில்லை. மேலே ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எது வேர் என்பதை வெளியே இருப்பவர் தீர்மானிக்கிறார். நடைமுறையில் இதற்கு ஒரு விளைவு உண்டு. பழைய நிரல்கள் தம் இருப்பிடத்தை ‘சி டிரைவில் இன்ன இடம்’ என்று தமக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ மவுண்ட் செய்தால் முகவரி மாறிப்போகும், நிரல் முழிக்கும்.

டிரைவ் அமைக்க இரண்டு வழிகள். ஒன்று, மேலே சொன்ன ஃபோல்டர் வழி. மற்றது படிம வழி: ஃபிளாப்பி முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து ‘இம்ஜ்மவுண்ட்’ கட்டளையால் இணைப்பது. 1.44 எம்பி ஃபிளாப்பியின் படிமம் மிகச் சரியாக 14,74,560 பைட் வரும். இரண்டுக்குமான வித்தியாசம் தொழில்நுட்பத்தோடு முடிவதில்லை. டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மாறும், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். கோப்புகளை மட்டும் ஃபோல்டருக்கு நகலெடுத்தால் இந்த அடித்தெழுதல்கள் போய்விடும், படிமத்தில் தங்கும்.

ஆய்வாளனுக்கு இது புதையல். ஆனால் ஓர் அறிக்கையின் முதல் வரைவில் சாட்சி சொன்ன பெண்ணின் உண்மைப் பெயர் இருந்து, அச்சுக்குப் போகுமுன் நீக்கப்பட்டிருந்தால்? அழித்தவர்கள் காரணத்தோடுதான் அழித்தார்கள். ‘எல்லாவற்றையும் பொதுவில் வை’ என்கிற முழக்கம் இந்த இடத்தில் யாருக்கு எதிராகத் திரும்பும் என்று யோசிக்க வேண்டும். ஆகவே நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது:

1. ‘மூலம்’: ஃபிளாப்பிக்கு ஒரு படிமம். படிக்க மட்டும் என்று பூட்டி வைப்பது. உரியவர் சம்மதமின்றி யாருக்கும் தருவதில்லை.

2. ‘புழக்கம்’: ஒவ்வொருவரின் சேகரிப்புக்கும் தனி சி ஃபோல்டர், தனி டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பு. அதன் கடைசிப் பகுதியில் மவுண்ட் கட்டளைகளை எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. உள்ளே செய்யும் மாற்றம் வெளியே நிஜ ஃபோல்டரையே மாற்றும் என்பதால், இங்கே நகல்கள் மட்டும்தான்.

3. ‘வாசல்’: டி டிரைவாக ஒரு ஃபோல்டர். கொடுக்கல் வாங்கல் இதன் வழியே. வெளியிலிருந்து புதிதாகப் போட்ட கோப்பு உள்ளே தெரியாவிட்டால் ‘ரீஸ்கேன்’ கட்டளை கொடுத்தால் போதும்.

‘தலித் அரசியல்’, ‘பெண்ணியம்’, ‘இதர’ என்று பொருள்வாரியாக ஏன் அடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். ஒருவர் ஒரே ஃபிளாப்பியில் கவிதையையும் வழக்கு மனுவையும் கடன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார் என்றால், அந்தப் பக்கத்துவமே ஒரு சாட்சியம். எங்கிருந்து வந்ததோ அந்தத் தொகுதியைக் கலைக்காதே என்பது பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களில் 1841இலேயே விதியாகிவிட்டது. பொருள்வாரிப் பட்டியல் வேண்டுமா, தனியாக ஒரு தாளில் எழுதுங்கள், கோப்புகளை நகர்த்தாதீர்கள்.

பெயர் விஷயம் ஒன்று. டாஸ் அறிந்த பெயர் எட்டு எழுத்தும், பிறகு மூன்றெழுத்து வாலும்தான். ரோமன் எழுத்தில் நீளமாக வைத்தால் முதல் ஆறெழுத்தும் ஓர் அலைக்குறியும் ஓர் எண்ணுமாகச் சுருங்கும்; பத்து இதழ்கள் ஒன்றுபோலத் தெரியும். தமிழில் வைத்தால் உள்ளே கிறுக்கலாகத்தான் வரும். ஆகவே உள்ளே குட்டிப் பெயர், வெளியே தமிழில் ஒரு விளக்கக் கோப்பு.

கடைசியாக எழுத்துரு. யூனிகோடில் 1991லேயே தமிழ் சேர்ந்துவிட்டாலும், நம் மேசைகளில் 1990கள் முழுக்க ஆளுக்கொரு எழுத்துருதான். ஒரு எழுத்துருவில் ‘க’ இருந்த எண்ணில் இன்னொன்றில் ‘ழு’ இருக்கும். எழுத்துருக் கோப்பைத் தொலைத்தால் பிரதி வெறும் குறிகளின் குப்பை. எனவே கட்டுரை, அதை அடித்த நிரல், அதன் எழுத்துரு மூன்றும் ஒரே சி டிரைவுக்குள் இருக்கட்டும். பரணில் ஃபிளாப்பி வைத்திருக்கிற தோழர்கள் முதலில் படிமம் எடுத்துவிடுங்கள். காந்தப் பூச்சு நம் விவாதம் முடியும்வரை காத்திருக்காது.