அடங்காப் பிள்ளையா, அல்லலுறும் பிள்ளையா?

தேவிகாபுரத்தில் பட்டுத்தறியின் ஓசையோடுதான் பல இல்லங்களில் பொழுது புலர்கின்றது. அத்தகைய இல்லமொன்றில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உளன். கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதை மறந்து வருவான். பள்ளியில் ஆசிரியர் வினாவை முடிக்குமுன் விடையைக் கூவுவான். பீடச் சிறுவனாக நின்றபோதும் அவன் கைகால்கள் ஓயவில்லை. “குறும்பன்” என்று கடிந்து அவனை விலக்கியவன் நானே. சிறுவரைத் தடுத்த சீடர்களை இயேசு கண்டித்ததைப் பன்முறை பிரசங்கித்த என் வாயிலிருந்துதான் அச்சொல்லும் வந்தது!

சில திங்கள் சென்றபின் அவன் அன்னை கண்ணீருடன் வந்தார். “சாமி, அடிச்சு அடிச்சு என் கைதான் ஓஞ்சு போச்சு. இப்ப என்னைக் கண்டாலே ஒதுங்குறான்” என்றார். அன்றுதான் நானும் சிந்திக்கலானேன்.

மருத்துவர் இந்நிலையைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர், ஏ.டி.எச்.டி. என்பது அதன் சுருக்கப் பெயர். 1902-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய சிறுவரைக் குறித்து விரிவுரையாற்றினார். இது மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்குண்டு. சாபமோ, பேயின் செயலோ, பிள்ளையின் திமிரோ அன்று. ஆயினும் ஓடியாடும் பிள்ளை யாவருக்கும் இக்கோளாறு உண்டெனக் கருதலாகாது. 12 வயதுக்குள் தோன்றி, ஆறு திங்களேனும் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் வாழ்வைக் குலைக்கின்றதா என்று ஆராய்ந்தே மருத்துவர் முடிவு கூறுவர். ஓசையின்றித் தன் நினைவிலேயே ஆழ்ந்திருக்கும் சிறுமிக்கும் இது இருக்கலாம்.

அக்குடும்பம் வேலூருக்குச் சென்றது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு பாகாயத்தில் உள்ளது. நோயாளியின் குடும்பத்தாரையும் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்வது அங்கு நெடுநாளைய மரபு. பிள்ளைக்குச் சிகிச்சை தேடிச் சென்ற பெற்றோர், முதலில் தாங்களே மாணவராயினர்.

அவர்கள் கற்றவை எளியவை: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் பிள்ளையின் முகம் பார்த்து, பெரிய வேலையைச் சிறு கூறுகளாக்குதல், செய்து முடித்த கணமே பாராட்டு, உணவுக்கும் உறக்கத்துக்கும் படிப்புக்கும் மாறாத நேரம், வகுப்பில் ஆசிரியருக்கு அருகே இருக்கை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இப்பெற்றோர் பயிற்சியே முதற்சிகிச்சை. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேவையெனின் மீதைல்பெனிடேட் போன்ற மருந்தை மருத்துவர் தருவர். அதனைத் தாமாகத் தொடங்குவதும் தாமாக நிறுத்துவதும் தவறு.

வேலூர் செல்ல இயலாதோர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022-இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம்.

சிறுவன் முற்றிலும் அமைதியாகிவிடவில்லை. பிரசங்கத்தின்போது இன்றும் அவன் கண்கள் கூரையில் உலவும். ஆனால் மணியடிக்கும் பணியை அவனிடம் ஒப்படைத்தேன், பெரும்பாலும் தவறுவதில்லை. தாயின் மடியை மீண்டும் நாடுகின்றான்.

அவன் தந்தை ஒருநாள் கூறினார்: “இழை அறுந்தா தறியை அடிக்கவா செய்யறோம், சாமி? நிறுத்தி, முனையைத் தேடித்தானே முடிச்சுப் போடுறோம்?”

அன்புப் பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய பிள்ளை உண்டோ? ஓங்கிய கையைத் தாழ்த்துங்கள். அவனை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.