எனர்ஜி ட்ரிங்க்: தெம்பா, ஏமாற்றா?

மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகத்தான் நடந்தார்கள். அதே பாதையில் இன்று ட்ரெக்கிங் வரும் இளைஞர்களில் சிலர் எனர்ஜி ட்ரிங்க் டின்னை நம்பி நடக்கிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி?

குடித்தால் சக்தி வருமா?

டின்னில் கலோரி தருவது பெரும்பாலும் சர்க்கரைதான். பிரபலமான 250 மி.லி. டின்னில் சுமார் 27 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி இருக்கும். சுறுசுறுப்பு தருவது காஃபின். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் அசதி தெரியும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, காஃபின் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அசதி அப்படியேதான் இருக்கிறது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலையில் குடித்தால் இரவுத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

காபியைவிட வீரியம் அதிகமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். 250 மி.லி.க்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 75 மில்லிகிராம். நல்ல டம்ளர் காபி ஒன்றிலும் ஏறக்குறைய இதே அளவு இருக்கும். ஆனால் சூடான காபியை ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும். ஜில்லென்ற டின் மடமடவென உள்ளே போய்விடும். அடுத்ததையும் கை தேடும்.

இந்தப் பானங்களில் சேர்க்கும் டாரின் காளையிலிருந்து எடுப்பதா?

காளையின் விந்திலிருந்து எடுப்பது என்பது வெறும் வதந்தி. 1827இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் டீடமான், க்மெலின் இருவரும் டாரினை முதலில் மாட்டுப் பித்தநீரிலிருந்து பிரித்தது உண்மை. இன்று பானங்களில் சேர்ப்பது ஆலையில் வேதிமுறையில் தயாராவது. நம் உடலே டாரினை உண்டாக்கும். மீனிலும் இறைச்சியிலும் அது உண்டு.

வியர்வையில் இழந்ததை ஈடுகட்டுமா?

மலை ஏறும்போது உடல் இழப்பது நீரும் உப்பும். அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோ, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறோ பொருத்தம். எனர்ஜி ட்ரிங்க் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல.

மதுவில் கலந்தால் போதை குறையுமா?

குறையாது. காஃபின் போதையின் மந்தத்தை மறைப்பதால், நிதானமாக இருப்பதாக நினைத்து மேலும் குடிப்பார்கள். காஃபின் கலந்த மதுவகைகள் பாதுகாப்பற்றவை என 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களை எச்சரித்தது.

ஒரு நாளில் 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது லேபிளிலேயே இருக்க வேண்டிய எச்சரிக்கை. படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் நடையை நிறுத்தி உதவி கேளுங்கள். வெள்ளகவிக்கு நடப்பவர்கள் தண்ணீரும் கடலை மிட்டாயும் எடுத்துச் செல்லுங்கள். அசதி வந்தால் உட்காருங்கள். அதற்கு வேறு மருந்து கிடையாது.