பிள்ளையை அமெரிக்கப் பொறியியற் கல்லூரிக்கு அனுப்புமுன் போட வேண்டிய கணக்கு

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் திறமையாகச் சித்தியடைந்த பிள்ளைக்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற பொறியியற் கல்லூரியொன்றில் அனுமதி கிடைத்துவிட்டால் வீட்டில் அன்று பெருநாள்தான். கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, "நானா, அனுப்பலாமா?" என்று கேட்கும் வாப்பாமாருக்கு நான் சொல்வதையே இங்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவன் நான். பாடத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் இது நான்கு வருட ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்ப்பது நமது தொழில்.

முதலில் விலை. எம்.ஐ.டி. என்னும் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எல்லாச் செலவும் சேர்த்து வருடத்துக்கு 85,000 டொலருக்கு மேல் போகும். ஆனால் அங்கே வெளிநாட்டு மாணவரையும் வசதி பார்க்காமல் சேர்க்கிறார்கள். குடும்பத்தால் கட்ட முடியாத பகுதியை நிறுவனமே உதவியாகக் கொடுக்கிறது. அட்லாண்டாவிலுள்ள ஜோர்ஜியா டெக் அரச நிறுவனம். அங்கு விடுதி, சாப்பாடு உட்பட வருடத்துக்கு 50,000 டொலருக்குக் குறையாது. வெளிநாட்டு இளமாணி மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி கொடுக்கும் வழக்கம் அங்கில்லை. ஆகவே பட்டியலில் விலை கூடியது கையில் மலிவாகவும், விலை குறைந்தது கையில் பாரமாகவும் முடியலாம். கடிதத்தில் உதவித்தொகை எவ்வளவு, அது நான்கு வருடத்துக்கும் உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

உதவியில்லாமல் வருடத்துக்கு 50,000 டொலர் என்றால் நான்கு வருடத்துக்கு 2 இலட்சம் டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 6 கோடி ரூபா. இதில் நாணய மாற்றின் ஆபத்தும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. 4 கோடி என்று போட்ட கணக்கு இரண்டே மாதத்தில் 7 கோடி 20 இலட்சமானது. பணம் இருந்தவர்களுக்கும் வங்கியில் டொலர் எடுப்பது பெரும்பாடாயிற்று. சரக்கென்றால் ஓடரை நிறுத்தலாம். இரண்டாம் வருடத்தில் படிக்கும் பிள்ளையை எப்படி நிறுத்துவது?

விசாவுக்கான ஐ-20 பத்திரத்துக்கு முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால் போதும். பலர் அதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். மற்ற மூன்று வருடத்தையும் நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டணமும் வருடாவருடம் ஏறும்.

அடுத்தது உழைப்பு. எம்.ஐ.டி.யில் ஒரு பாடத்துக்கு வழக்கமாக 12 அலகு. வகுப்பும் வீட்டுவேலையும் சேர்த்து வாரத்துக்கு 12 மணித்தியாலம் என்பது அதன் பொருள். நான்கு பாடம் எடுத்தால் 48 மணித்தியாலம். மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம். அதையும் சேர்த்தால் 68. "பிள்ளை வேலை செய்து சமாளித்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் அனுப்பக் கூடாது. அந்தக் காசு கைச்செலவுக்கு உதவும், கட்டணத்துக்குக் காணாது.

நமது பிள்ளைகள் இரண்டு வருடம் டியூஷன் போய், கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, ஒரே பரீட்சைக்குத் தயாராகிறவர்கள். அங்கே வாராவாரம் ஒப்படை, இடைக்கிடையே பரீட்சை, எல்லாவற்றுக்கும் புள்ளி. பிந்தினால், உள்ளூர் மாணவன் ஒரு பாடத்தை விட்டுவிட்டு மெதுவாகப் படிப்பான். விசாவில் போன பிள்ளை பொதுவாக ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. முன்கூட்டிய அனுமதியின்றிக் குறைந்தால் விசாவுக்கே ஆபத்து. ஆகவே கஷ்டம் வந்தால் மறைக்காமல், உடனே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகும்படி பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள்.

மூன்றாவது, முடிவில் வரும் வருமானம். பட்டம் முடித்தபின் 12 மாதமும், பொறியியல் போன்ற துறைகளுக்கு 2016ஆம் ஆண்டு விதிப்படி மேலும் 24 மாதமும் அங்கே வேலை செய்ய இடமுண்டு. அதன்பின் எச்-1பி விசா வேண்டும். அது வருடத்துக்கு 85,000 பேர் என்ற பொது வரையறைக்குள் வருவதால், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1 இலட்சம் டொலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கச் சம்பளத்தை உறுதியான வரவாக எழுதிக் கடன்படுவது ஆபத்து. அங்குள்ள தனியார் மாணவர் கடனுக்கும் பெரும்பாலும் அமெரிக்கப் பிரஜை ஒருவர் பிணை நிற்க வேண்டும். வட்டியும் உண்டு. அது நமக்கு ஆகாது.

வேறு வழியும் இருக்கிறது. மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் பீடத்துக்குத் தெரிவானால் கல்விக் கட்டணமில்லை. நன்றாகச் சித்தியடைந்தவர்கள் பின்னர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும்போது, ஆய்வு உதவியாளராகக் கட்டண விலக்கும் மாதப்படியும் பெறுகிறார்கள். அதே நாடு, அதே கல்லூரிகூட இருக்கலாம். செலவு மட்டும் வேறு.

என் அபிப்பிராயம் இதுதான். உதவித்தொகை பெரும்பகுதியை மூடுகிறதா, பிள்ளை உண்மையிலேயே விரும்புகிறதா, தயங்காமல் அனுப்புங்கள். முழுச் செலவும் நம்முடையது என்றால், டொலர் இன்னும் 100 ரூபா ஏறினாலும் கடையின் முதலில் கைவைக்காமல் நான்கு வருடமும் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கடிதம் வந்த வாரத்திலேயே பிள்ளையை அருகில் இருத்தி, கொப்பியைத் திறந்து கணக்கைக் காட்டுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். இரண்டு வருடம் படித்த பின் "வாப்பாவால் முடியவில்லை, திரும்பி வா" என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.